பஸ்ஸில் நல்ல பிள்ளை

டீசல் புகையும் கடற்காற்றும் கலந்த மணம்... "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளும் கண்டக்டர். கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் என் மடியில் மகள் கௌரி இருப்பாள். அப்போது அவளுக்கு மூன்று வயது.

யுத்த காலம். எங்காவது குண்டு வெடித்தால், அடுத்த சில நாட்களுக்கு பஸ்ஸுக்குள் ஒரு தமிழ்ச் சொல் விழுந்தாலே பத்துத் தலைகள் திரும்பும். ஆகவே வீட்டில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். படியில் கால் வைக்கமுன் உதட்டில் விரல். 'அம்மா', 'அப்பா' கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. வீட்டிலும் மெதுவாகத்தான் கதைப்போம். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் நான். பயந்தவனும்கூட...

மற்றப் பிள்ளைகள் மறந்துபோய் "அம்மா" என்று கத்தும். தாய்மார் வாயைப் பொத்துவார்கள். கௌரி ஒருநாளும் மறந்ததில்லை. விரல்களைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டியபடி வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மையார் அவள் கன்னத்தைத் தட்டி, "ஹரி ஹொந்த லமயெக்" என்றார். மிக நல்ல பிள்ளையாம். எனக்குப் பெருமை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இவள் வீட்டிலயும் கதைக்கிறாள் இல்லையே. ஒண்டரை வயசில தண்ணி எண்டு சொன்னவள். இப்ப அதுவும் இல்லை."

"நாங்கள் பழக்கினதுதானே. பிள்ளைக்கு விளங்கியிருக்கு."

"பழக்கினாக் கூப்பிடேக்கை திரும்பியும் பாக்காதோ? இதைப் பாருங்கோ."

பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று "கௌரி" என்றாள், மூன்று தரம். பிள்ளை அசையவில்லை, சோடா மூடிகளை நிலத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மனைவி பிஸ்கட் தகரத்தை மெல்லத் திறந்தாள். உடனே கௌரி எழுந்து வந்தாள். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை; கையைப் பிடித்துத் தகரத்துக்குள் வைத்தாள்.

"காது நல்லாக் கேக்குது. நான் கூப்பிடுறதுக்குத்தான் திரும்புறாளில்லை!" மனைவியின் குரல் உயர்ந்துவிட்டது.

"மெதுவாய்க் கதையும். கீழ் வீட்டுக்குக் கேக்கும்," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை...

ஐந்து வயதில், நேர்சரி ரீச்சர் சொல்லித்தான் டாக்டரிடம் போனோம். ஓட்டிசம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதல் கேட்டேன்.

"நான் கதைக்க விடாததாலையோ, டாக்டர்?"

"சீச்சீ, அதால இது வராது. ஆனா, ரெண்டு வருஷம் முந்திக் கொண்டுவந்திருந்தா அப்பவே பயிற்சியைத் தொடங்கியிருக்கலாம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டாவது வசனம் மட்டும்தான் மனதில் நிற்கிறது.

கௌரிக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. இருபது சொற்கள் வரை சொல்லுவாள். அந்த இரண்டு வருடங்கள் இருந்திருந்தால் இன்னும் எத்தனை சொல்லியிருப்பாளோ... ஒரு சொல்லும் கூடாமலே போயிருக்கலாம். அதை அறியும் வழியை நான் அடைத்துவிட்டேன்.

இன்று அதே பஸ்ஸில் பிள்ளைகள் தமிழில் உரக்கச் சண்டை பிடிக்கிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன கிழமை, இத்தனை வருடம் கழித்து, மனைவியிடம் கேட்டேன்.

"நீர் ஏன் அண்டைக்கு என்னோட சண்டை பிடிக்கேல்லை?"

"சண்டை பிடிச்சா வெளியில சத்தம் கேக்குமே," என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாமே.