வெயில் பக்கத்துக் கதவு

கதவைப் பொருத்திவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு வேறு கார்களை வெட்டி ஒட்டியது போல இருந்தது. கதவு பளபளவென்று மரூன். அதற்கு முன்னால் சக்கரத்தை மூடும் ஃபெண்டரும் பின்கதவும் வெளுத்துப் போய், ஆறிப்போன தேத்தண்ணி நிறம். தீபாவளிக்கு இன்னும் சில நாட்கள்தான். காரின் சொந்தக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மேருவில் என் வர்க்‌ஷாப். தகரம் தட்டி நிமிர்த்துவது, துரு வெட்டுவது, ஸ்ப்ரே அடிப்பது, இதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் காரின் பெயிண்ட் நம்பரை வேதவாக்காக நம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மரூன் விஷயத்தில் நான் மட்டும் என்ன கிழித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

1. கதவுக்குள் வேப்பிலை

கார் மணியம் அண்ணனுடையது. லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவர், கிள்ளானில் கார்னர் வீடு. சரியாகச் சொன்னால் கார் அவருடைய மகன் தினேஷுடையது. தினேஷ் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வேலைக்குப் போனபோது சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

டிரைவர் பக்கத்துக் கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன். அப்பளம் போல நொறுங்கி உள்ளே போய்விட்டது.

"மேலாக்க தேச்சு டச்சப் பண்ணா போதும்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

"டச்சப்பா? அடுத்த மழைக்கு மறுபடியும் வரும்ணே. வெட்டி எடுத்துட்டு புது தகரம் வெல்டு பண்ணணும்."

உள்பக்க அட்டையைக் கழற்றினால், அடியில் கருப்பாகச் சகதி. கையில் எடுத்துப் பார்த்தேன், மக்கிய வேப்பிலை. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக விழுந்து, தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்திருந்தது. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தகரத்தைத் தின்றிருக்கிறது. ஓடுகிற காரில் இத்தனை இலை சேராது.

"அண்ணே, கார எடுக்கறதே இல்லையா?"

"எடுப்பேன் லா. பாசாருக்கு, கோயிலுக்கு..." என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு அவராகவே சொன்னார். "அவன் இந்தத் தீவாளிக்கு வரான் தம்பி. சைபர்ஜெயால ஒரு இன்டர்வியூ இருக்காம். கெடச்சா இங்கேயே இருந்துடுவான். கார் ரெடியா இருந்தா வேலைக்குப் போக வர ஈசி. அவன் விட்டுட்டுப் போன மாரியே இருக்கணும், அதான்."

2. பெட்ரோல் மூடி

துருவை வெட்டி, தகரம் வைத்து வெல்டு அடித்து, கிரைண்டர் போட்டு, ப்ரைமர், புட்டி, தேய்ப்பு எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அதில் இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. குறை கலரில் வந்தது.

கலர் மேட்ச் பண்ண நாங்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பெட்ரோல் மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போவோம். சின்னது, சுலபமாகக் கழலும். கடைக்காரர் அதைப் பார்த்துக் கலக்கிக் கொடுப்பார். அன்றும் அப்படித்தான். டெஸ்ட் கார்டில் அடித்து மூடியோடு வைத்துப் பார்த்தேன், அச்சு அசலாக ஒட்டியது. தீபாவளி நேரம், ஸ்ப்ரே பூத்தில் வரிசை நிற்கிறது. அடித்துவிட்டேன்.

மூடி இருப்பது காரின் இடது பக்கம். கதவு வலது பக்கம். மணியம் அண்ணன் வீட்டில் இடது பக்கம் சுவர், வலது பக்கம் திறந்த வெளி. வருடக்கணக்கில் ஒரே திசையில் நின்ற காருக்கு, தினமும் மாலை வெயில் முழுக்க வலது பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது. சுவர்ப் பக்கம் புது மணமகள் மாதிரி இருக்க, இந்தப் பக்கம் வெளுத்துவிட்டது. தூசி மேலே மூடியிருந்ததால் எனக்கும் தெரியவில்லை. ஃபெண்டருக்குப் பாலிஷ் போட்டுப் பார்த்தேன். பளபளப்பு வந்தது, கலர் வரவில்லை.

3. இரண்டு மரூன்

மணியம் அண்ணன் வந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகக் கதவிடம் போய் உள்ளங்கையை வைத்தார்.

"இதான் தம்பி... இதான் கலரு. ஏர்ப்போர்ட்டுக்கு இந்தக் கார்லதான் போனோம். இப்பிடித்தான் இருந்திச்சு."

"அண்ணே, இது தப்பு. பக்கத்துல ஃபெண்டரப் பாருங்க."

"அப்ப மத்ததெல்லாம் இதே மாரி அடிச்சிடுங்களேன்."

"முழுக் காரா? தீவாளிக்குள்ள முடியாதுண்ணே. பூத்துல இடமில்ல."

அவர் முகம் சுண்டிப் போனது. "பழசாயிடுச்சுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிடுமே தம்பி. நான் பாத்துக்கறேன்டான்னு சொன்னேன் அவன்கிட்ட."

"கதவு மட்டும் புதுசா இருந்தாத்தான் தெரியும். எல்லாம் ஒண்ணா வெளுத்திருந்தா யாருக்கும் தெரியாது."

கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு கதவைத் திறந்தார். வெயில் படாத உள்விளிம்பும், கதவு வந்து பொருந்துகிற தூணும் அதே பழைய மரூன். "இதையும் அழிச்சிடுவீங்களா?"

"மாட்டேண்ணே. உள்ள இருக்கறது அப்படியே இருக்கும்."

உள்விளிம்பை டேப் ஒட்டி மூடினேன். ஃபெண்டரைப் பக்கத்தில் வைத்து, கார்டு கார்டாக அடித்துப் பார்த்து வெளுத்த மரூனைக் கலக்கினேன். நல்ல கலரைக் கெடுப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் பொறுமை வேண்டும். என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். கலக்கும்போது ஏனோ அவள் ஞாபகமாகவே இருந்தது.

4. தினேஷ்

தீபாவளி முடிந்து ஒரு நாள் தினேஷ் அதே காரை ஓட்டிக்கொண்டு வந்தான். கையில் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா.

"அங்கிள், கதவுல உள்ள ஒரு கலர், வெளிய ஒரு கலர். எது கரெக்ட்?"

"ரெண்டும் கரெக்ட்டுதான். உள்ள இருக்கறது நீங்க விட்டுட்டுப் போனது. வெளிய இருக்கறது வெயில் அடிச்சது."

வேப்பிலைக் கதையையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அப்பா எடுக்கறதே இல்லையா?" என்றான். நான் பேச்சைத் தொழில் பக்கம் திருப்பினேன்.

"சும்மா நிக்கற கார்னா, அப்பப்ப திருப்பி நிறுத்தணும். ஒரே பக்கம் வெயில் வாங்கக் கூடாது. தினம் ஓட்டற காருக்கு அதெல்லாம் தேவையில்ல. இனிமே நீங்கதான ஓட்டப் போறீங்க?"

"பாப்போம் அங்கிள்" என்றான்.

அதற்குப் பிறகு மணியம் அண்ணன் மட்டும் தன் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"தினேஷ் போய்ட்டான் தம்பி. அந்த வேல சரிப்பட்டு வரலயாம். ஆனா போறதுக்கு முந்தி ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போனான். கார வெளிய எடுத்து ரிவர்ஸ்ல விட்டு, திருப்பி நிறுத்தினான். இனிமே அந்தப் பக்கமும் வெயில் படும், ரெண்டு பக்கமும் ஒரே மாரி ஆயிடும்ப்பான்னான். கார் மேல எவ்ளோ அக்கற பாத்தீங்களா!"

"ஆமாண்ணே" என்றேன். சும்மா நிற்கிற காருக்கென்று அந்த யோசனையைக் கொடுத்தவனே நான்தான். தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன்.

இப்போதெல்லாம் மூடியைக் கழற்றுவதற்கு முன்பு, வீட்டில் கார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்டுவிடுகிறேன். துருப்பிடித்த கதவுக்குக் கலர் எடுக்க வேண்டுமானால், கதவை ஒட்டியிருக்கும் தகரத்தில்தான் எடுக்க வேண்டும். தூரத்தில் நிழலில் இருந்த மூடிக்கு இந்தப் பக்கத்து வெயில் தெரியாது. நீங்களும் கேளுங்கள்.

மணியம் அண்ணன் அன்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார். மாட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அந்த உள்பக்கக் கலரு வெளுக்காதுல்ல?"

"கதவு மூடியே இருந்தா வெளுக்காதுண்ணே."

"சாயங்காலத்துல ஒரு தரம் தொறந்து பாத்துட்டு மூடிடுவேன். அதுல ஒண்ணும் ஆகிடாதே?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றேன்.