பீலித் தண்ணீர்ச் சத்தம்

தூக்கம் வரவில்லை என்று மாத்தளை கிளினிக்குக்குப் போனேன். மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்லி அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை பேனாவோடு உட்கார்ந்தாள். எழுதி யாரிடம் காட்டுவாளோ? நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே பைப் தண்ணீர் வாளியில் இரைந்தது.

சிறு வயதில், எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளின் பீலிக் குழாயிலும் தண்ணீர் அப்படித்தான் கொட்டும். வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஏசிய நாட்களில் அம்மா வாளியோடு அங்கே போனால் வெகுநேரம் திரும்ப மாட்டாள். எங்களை விட்டு ஓடப் பார்க்கிறாளோ என்று சந்தேகப்பட்டு, ஒருநாள் மிளகுக்கொடி மறைவில் நின்று பார்த்தேன்.

அம்மா தண்ணீருக்குள் முகத்தை நீட்டி, “அடே கங்காணி, ஒன் மீசையில கொள்ளி வைக்க!” என்று கத்தினாள். அந்த இரைச்சலில் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. முகம் கழுவித் திரும்பியவள் என்னைக் கண்டு சிரித்தாள். “வேவு பாக்க வந்தியாடி? வாளியத் தூக்கு!”

“சொல்லுங்க பாட்டி,” என்றாள் பேனாக்காரி.

“வேணாம் மகள். எங்க வீட்லயும் பைப் இருக்கு,” என்று எழுந்து வந்தேன்.