ஈர வேட்டியில் ஒரு பாலைக் கொத்து

கல்லூரியில் தாவரவியல் படித்த இரண்டாம் ஆண்டு, எங்கள் வகுப்பு செடி சேகரிக்க மலைக்குப் போய் வந்தது. நான் போகவில்லை. அந்த வாரம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. திரும்பி வந்தவர்கள் காட்டு இலைகளைக் காயவைத்து அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, என்னிடம் இருந்தவை ஆவாரையும் எருக்கும்தான். கீழப்பழுவூர்ப் பக்கம் வேறு என்ன முளைக்கும்? ஆசிரியர் என் அட்டைகளைப் புரட்டிவிட்டு, பசுமை மாறாக் காட்டுச் செடி ஒன்றுகூட இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்பா சுண்ணாம்புக்கல் வெட்டிச் செத்துப்போனவர். அந்த வேலை எனக்காகக் காத்திருக்கிறது என்று அத்தை, அப்பாவின் அக்கா, வாரம் ஒருமுறை நினைவுபடுத்துவாள். தேர்வு போனால் அவள் சொன்னதுதான் நடக்கும்.

அதனால், தை அமாவாசைக்குக் கோடிக்கரை போய்க் கடலில் குளித்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடவேண்டும் என்று அம்மா சொன்னபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கடலை ஒட்டியே அங்கே பசுமை மாறாக் காடு இருக்கிறது என்று பாடத்தில் படித்திருந்தேன். பழைய செய்தித்தாள்களை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டேன். பறித்த இலையை உடனே தாளுக்குள் வைத்து அழுத்தவேண்டும். அத்தை என் கட்டைப் பார்த்தாள்.

"எல ஒடிக்கத்தான் காலேஜா? அதுக்கு ஆடு மேய்க்கவே போயிருக்கலாமேடா."

கிழிந்த வேட்டியாகக் கட்டிக்கொள்ளும்படியும் சொன்னாள். காரியம் முடிந்ததும் பழைய துணியைக் கடலோடு விட்டுவிட்டு வருவது வழக்கம். மை கொட்டிக் கறையாகிப் போன ஒரு வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் விடியும் நேரம். சிமெண்ட் பெஞ்செல்லாம் பனியில் நனைந்திருந்தது. நான் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அத்தை கட்டைப் பிரித்து, அம்மாவுக்கும் தனக்கும் விரித்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்து உட்காரவைத்திருந்தாள். படித்து முடித்த பேப்பர்தானே என்றாள். ஒரு தாள்கூட உலர்ந்ததாக மிஞ்சவில்லை.

வேதாரண்யம் தாண்டியதும் ஜன்னலோரம் காடு வந்தது. எங்கள் பக்கம் தை மாதத்தில் கருவேல முள்மேல் லாரிப் புழுதிதான் வெள்ளையாகப் படிந்திருக்கும். இங்கே ஒவ்வொரு இலையும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. நாள் முழுக்க நடக்கலாம் போலிருந்தது. சதுப்புப் பக்கம் பூநாரைக் கூட்டம் இறங்கியிருப்பதாக யாரோ சொன்னார்கள். பார்க்க ஏது நேரம்? கோடிக்கரையில் இறங்கியதும் கடற்கரையில் ஐயரிடம் வரிசை நீளமாக இருந்ததால், முறை வருவதற்குள் வந்துவிடவேண்டும் என்று அத்தை என்னை அனுப்பினாள்.

காட்டு முகப்பில் காவலர் மறித்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"கீழ கெடக்குறத எடுத்துக்க தம்பி. மரத்துல கை வச்சா எனக்கு வேலை போயிடும்."

மேலே அவ்வளவு பூவும் காயும் இருக்க, நான் குனிந்து சருகைக் கிளறிக்கொண்டிருந்தேன். வீரை கிடைத்தது, பூ இல்லை. களா கிடைத்தது, ஆடு கடித்திருந்தது. கிளம்பும்போதுதான், காற்றில் ஒடிந்த ஒரு பாலை மரக் கொத்து, பூவோடு, வாடாமல் கிடந்தது. தாள் இல்லை. வேட்டியை அவிழ்த்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேட்டியைக் குட்டையில் நனைத்து எல்லாவற்றையும் அதில் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஓடிவந்து மூட்டையை எங்கள் பைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஐயர்முன் உட்கார்ந்தேன்.

காரியம் முடிந்து மூன்று முழுக்குப் போட்டுக் கரைக்கு வந்தேன். மூட்டையைக் காணவில்லை. அத்தை முழங்கால்வரை நனைந்து நின்றாள்.

"கடல்ல விட்டுட்டேன்டா. எலையும் தழையுமா ஈர வேட்டில கட்டி வச்சிருந்தியே, காரியத்துதுன்னுதானே வச்சிருந்த?"

திரும்ப ஓடினேன். அந்தக் கடலில் எவ்வளவு தூரம் போனாலும் சேறுதான், ஆழம் இல்லை. தண்ணீர்மேல் வேட்டிகளாக மிதந்தன. ஒன்றைப் பிரித்தேன், தர்ப்பையும் வாழையிலையும் இருந்தன. இன்னொன்றைப் பிரித்தேன். கரையிலிருந்து யாரோ என்னைத் திட்டினார்கள்.

"அடுத்த வூட்டுப் பாவத்தையெல்லாம் எதுக்குடா தொட்டுக் கிளறுற?" இது அத்தை.

மைக்கறை தெரிந்தது. முடிச்சு அவிழாமல் இருந்தது. எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினால், அத்தை வழிமறித்து நிற்கிறாள்.

"அது உங்கப்பனுக்குப் போயிடுச்சுடா. குடுத்தத திரும்பப் புடுங்குவியா?"

ஐயரைக் கேட்டேன். விட்டதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை உட்காரச் சொன்னார். அம்மாவைப் பார்த்தேன். அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு என்னப்பா தெரியும். நீ படிச்சவன். நீயே பாத்துக்க."

அவள் எடுக்காதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டு எடுத்திருப்பேன். இப்படிச் சொன்னவளிடம் என்ன செய்வது? மூட்டையைத் தண்ணீரில் விட்டேன். மனம் இளகியெல்லாம் விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். அது போகவும் இல்லை, அங்கேயே காலைச் சுற்றிச்சுற்றி மிதந்தது.

இன்னொரு தரம் காட்டுக்குப் போய் வருகிறேன் என்றால், பஸ் கிளம்பப் போகிறது என்று அத்தை ஏறி உட்கார்ந்து எனக்கும் இடம் போட்டாள். நான் உட்காரவில்லை. திருத்துறைப்பூண்டிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியில் அம்மா மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"அது என்ன எலப்பா?"

"பாலை."

"நம்ம பக்கம் இல்லையா?"

"இல்ல."

"அப்ப உங்கப்பா பாத்திருக்க மாட்டாரு."

மறுவாரம் ஆவாரையையும் எருக்கையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர்முன் நின்றேன். கோடிக்கரை போனாயாமே, காட்டுச் செடி எங்கே என்றார். கடலில் போய்விட்டது சார் என்றேன். வகுப்பே சிரித்தது. பிறகு என்ன நினைத்தாரோ, அந்தப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லித் தேர்வுக்கு உட்காரவிட்டார். ஓரத்தில் தொற்றிக்கொண்டு தேறினேன். ஆனால் அன்றைக்கு அட்டைகளைத் திருப்பித் தரும்போது ஒன்று கேட்டார்.

"எந்தச் செடின்னாலும் ரெண்டு கொத்தா எடுக்கணும்னு முதல் வருஷமே சொன்னேனா இல்லையா?"

சொன்னீங்க சார் என்றேன். பாலை ஒரே ஒரு கொத்துதான் கீழே கிடந்தது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.