யானைகளுக்கு ஒதுக்கிய தண்ணீர்

தேக்கடி என்றதும் சிலர் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. ஏரி, மூங்கில், மேகம் எல்லாம் பிறகுதான். முதலில் வருவது அங்கிருந்த விருந்தினர் பங்களாவின் கூடத்தில் தொங்கிய மிளா மான் தலையின் வாடை. ஈரமேறி முடி கொட்டிக்கொண்டிருந்தது அது. ஒரு கண் கண்ணாடி. மற்றது விழுந்த குழியில் சிலந்தி குடித்தனம் நடத்தியது. நேர் எதிர்ச்சுவரில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஒரு பலகை: இந்தக் காட்டில் எந்த உயிரையும் சுடக்கூடாது. அந்தத் தலை ராப்பகலாக அந்தப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தது.

சண்டைக் காலம். என் தங்கையின் புருஷன் பட்டாளத்து லாரி ஓட்டப் போனவன், பர்மா எல்லைப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. போனபின் இரண்டு அறுப்பு முடிந்திருந்தது. முதல் அறுப்பின்போது சேதி வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. தங்கை அழவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. அவன் உயிரோடு திரும்ப வேண்டுமென்று பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி வளர்ப்பதாக நேர்ந்துகொண்டாள். உள்ளறையில் பானையில் எருவும் மண்ணும் கொட்டி, தவசம் விதைத்து, சன்னலைச் சாக்கால் அடைத்தாள். இருட்டில் எழுந்த பயிர். வெயிலையே கேள்விப்படாத இளமஞ்சள். தொட்டால் குளிர்ந்திருக்கும், பேசினால் நடுங்கும்.

திருவிழா முடிந்து பயிரை ஆற்றில் கரைக்கும் நாளில் ஆற்றில் தண்ணீர் இல்லை. கோடைக்கு மலைமேல் மதகை அடைத்துவிட்டார்கள். கூடலூரிலிருந்து கீழே எங்கள் ஊர் வரைக்கும் பெரியாறு வெறும் மணலாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் கோயில் கிணற்றில் கரைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் பானையை இறக்கவில்லை.

"எல்லாரும் கெணத்துலதான கரைச்சாக? நீயும் கரைச்சிரு" என்றேன்.

"எல்லாரும் என்னைய மாதிரியா நேந்தாக? நான் பெரியாத்துத் தண்ணியின்னுல்ல வாயால சொல்லியிருக்கேன்."

"ஆத்துல மணல்தான கெடக்கு."

"தண்ணி எங்கன இருக்கோ அங்கன போவம்."

"அது கட்டிக் கெடக்குற தண்ணி. ஓடுற தண்ணியில்ல."

"மதகத் தொறந்தா ஓடித்தான வரணும்? நம்ம வயலத் தாண்டித்தான வரணும்? நீங்க வாரீகளா, நான் தனியாப் போகவா?"

இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஒரு மூளைக்கோளாறு உண்டு. மலைக்கு மேலே தேங்கி நிற்பது வேறொரு ராஜ்யத்து மண்ணில். அதைச் சுற்றி வனவிலங்குக் காப்பிடம் என்று வேலி போட்டு, ஆள் வைத்து, பங்களா கட்டிப் படகும் விட்டிருந்தார்கள். இது கீழே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் நம்புவதில்லை. ஏதோ நம் வீட்டுக் கொல்லையில் வைத்த தொட்டியைக் கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைத்தது போலத்தான் நினைப்பு. அனுமதிச் சீட்டு என்று ஒன்று தேவைப்படும் என்பது எங்கள் இருவர் புத்தியிலும் கடைசி வரை உதிக்கவில்லை. ஒரு கரைவேட்டி உடுத்தினேன், அவள் பானையைத் தூக்கினாள், கிளம்பினோம்.

பெட்ரோல் கிடைக்காத நாட்கள். முதுகில் உலையைக் கட்டிக்கொண்டு இருமியபடி ஏறும் கரி பஸ். மடியில் முளைப்பாரியோடு உட்கார்ந்தவளைப் பார்த்துக் கண்டக்டர், "ஆத்தா, பானைய மேல போட்டுக் கட்டிருவமா?" என்றான்.

"ஒன் தலைய மேல கட்டு. எடம் தாராளமா இருக்கும்."

மலைப்பாதையின் முக்கால்வாசியை நாங்கள் நடந்தோம். பஸ் எங்களுக்குப் பின்னால் வந்தது. குமுளிச் சாவடியில் அரிசிக் கடத்தல் சோதனை. அங்கே ஒரு சிப்பாய், மூட்டைகளைக் குத்திப் பார்க்கும் கம்பியும் கையுமாக நின்றான். அந்தக் கம்பியைத் தவிர அவனிடம் கூர்மையானது எதுவும் இல்லை.

"பானையில என்ன?"

"பாத்தாத் தெரியலையா? பயிரு."

"பயிருக்கு அடியில?"

"எருவு. மோந்து பாக்குறீகளா?"

குத்தினான். மேலிருந்து அடிவரைக்கும் கம்பியை விட்டு ஒரு சுழற்று. ஒரு கொத்துப் பயிர் வேரோடு சாய்ந்தது. வெளியே இழுத்த கம்பியில் சாணம்தான் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க அவன் இடம் தேடிக்கொண்டிருக்கையில், தங்கை சாய்ந்த கொத்தை நிமிர்த்தி, கட்டைவிரலால் மண்ணை அழுத்தினாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. சாமியிடம் பேசினாளா, சிப்பாயின் வம்சத்தைப் பற்றிச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து மூங்கிலுக்குள் நடை. பிறகு திடீரென்று ஏரி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதென்ன அழகு! தண்ணீருக்குள் மரங்கள் செத்து நின்றன. அணை கட்டித் தண்ணீரில் மூழ்கடித்தபோது நின்ற நிலையிலேயே உயிர் போனவை. விழுவதற்கு மேலிடத்து உத்தரவு வராமல் கறுத்து நின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் ஈர இறக்கையை விரித்துக்கொண்டு உத்தியோகம் பார்த்தன. மேட்டில் பங்களா, கீழே படகுத்துறை, இரண்டுக்கும் நடுவே காவல்காரன். மேலே காக்கிச் சட்டை, கீழே ஒற்றை முண்டு. பாதி சர்க்கார், பாதி மனிதன். பேசியது சர்க்கார்ப் பாதி.

"பாஸ் உண்டோ?"

"எதுக்கு பாஸ்?" என்றேன்.

"கரைக்கு எறங்கான் பாஸ் வேணும். மிருகங்கள் தண்ணி குடிக்கிற சமயம்."

"மிருகத்துக்கு பாஸ் இருக்கா?" என்றாள் தங்கை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. வராந்தாவைக் கைகாட்டி உதட்டில் விரல் வைத்தான். அங்கே பிரம்பு நாற்காலிகளில் மதுரைப் பக்கத்துக் கனவான்கள் மூன்று பேர், தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக, தூரக்கண்ணாடியும் காமிராவும் பிளாஸ்கும் சூழ வீற்றிருந்தார்கள். யானை பார்க்க வந்தவர்கள். வந்து மூன்று நாளாகியும் யானை அவர்களைப் பார்க்க வரவில்லை. குசுகுசுவென்று பேசினார்கள், குசுகுசுவென்று முறுக்கைக் கடித்தார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தபோது மற்ற இருவரும் அவர் மூக்கைப் பிடித்ததைக் கண்ணால் கண்டேன்.

அவர்களிடம் நயமாகக் கேட்டுப் பார்க்கலாமென்று கூடத்துக்குள் போனேன். அப்போதுதான் அந்த மிளாத் தலையும் பலகையும். பக்கத்துக் குளியலறை திறந்து கிடந்தது. உள்ளே சீமைப் பீங்கான் தொட்டி, பித்தளைக் குழாய், தொட்டிக்குள் காய்ந்த பல்லி. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் தண்ணீர் கிடக்க, அந்தக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. இதற்கு வசதி என்று பேர்.

கனவான்களில் மூத்தவரிடம், சாயங்காலம் படகில் ஓரமாக ஒரு இடம் கிடைக்குமா, நேர்த்திக்கடன், பொம்பளைப் பிள்ளை என்றேன். அவர் தூரக்கண்ணாடியை எடுக்காமலே, "படகு எங்க பேர்ல ரிசர்வ்டு" என்றார். பிறகு கண்ணாடியைத் திருப்பித் தங்கையைப் பார்த்தார். பத்தடியில் நிற்கிறவளைத் தூரக்கண்ணாடியில் பார்த்த மனிதனை நான் வேறெங்கும் சந்திக்கவில்லை.

பாஸ் இல்லாதவர்களுக்கு வராந்தா கிடையாது. சமையல்கட்டுக்குப் பின்னால், விறகடுக்கின் பக்கத்தில் உட்காரச் சொன்னான் காவல்காரன். அங்கே அவன் மனைவி கனவான்களுக்கு மீன் அரிந்துகொண்டிருந்தாள். எங்களுக்குக் கட்டங்காப்பி கொடுத்தாள், பாலுக்கும் பாஸ் வேண்டுமோ என்னவோ. பானையைச் சுற்றி வந்து, "இது எந்தா? ஆருக்கு வேண்டி?" என்றாள்.

"வீட்டுக்காரகளுக்கு. பட்டாளத்துல இருக்காக. சேதி இல்ல."

அவள் அரிவாள்மனையை மடக்கினாள். "என்ற அனியனும் பட்டாளத்திலா" என்றாள். தம்பியைச் சொல்கிறாள். உள்ளே போய் அவள் புருஷனிடம் ஏதோ பேசியது பாத்திரச் சத்தத்தோடு கேட்டது. அவன் வெளியே வந்தபோது சர்க்கார்ப் பாதி கொஞ்சம் சுருங்கியிருந்தது. பாத்திரம் கழுவுகிற படி ஒன்று பின்பக்கம் ஏரிக்கு இறங்குகிறது, அங்கே கரைத்துக்கொள்ளலாம் என்றான். "பக்ஷே சத்தம் கூடாது. ஒரு சின்னச் சத்தம்கூடக் கூடாது. ஆனை எறங்குற நேரம். வராந்தாவில இருக்குற சாறன்மாருக்குக் கோபம் வரும்."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். தங்கை எழுந்திருக்கவில்லை.

"கொலவை போடாமயா? கொலவை இல்லாமக் கரைச்சா அது குப்பையக் கொட்டுறது."

"மனசுக்குள்ள போட்டுக்க தாயி" என்றேன்.

"மனசுக்குள்ள கொலவையா? ஒங்களுக்கும் மனசுக்குள்ள சோறு போடட்டுமா?"

வெயில் இறங்கியது. பானையைத் தலையில் வைத்து அவள் படியில் இறங்க, நான் பின்னால். குலவை போடமாட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை, போடுவேன் என்றும் சொல்லவில்லை. அவள் மௌனத்தைக் காவல்காரன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தப்பைச் செய்யமாட்டோம்.

முழங்கால் தண்ணீரில் நின்று அவள் பானையை இறக்கினபோதுதான் எதிர்க்கரையில் மூங்கில் விலகியது. முதலில் ஒரு பெண்யானை. அதன் காலுக்கிடையில் குட்டி. பின்னால் மலையிலிருந்து ஒரு துண்டு இருட்டுப் பெயர்ந்து வந்தது போலக் கூட்டம் முழுவதும். சத்தமே இல்லை. அத்தனை பெரிய உடம்புகள், ஓர் இலைகூட மிதிபடவில்லை. தும்பிக்கைகள் தண்ணீரில் இறங்கின; வளையங்கள் விரிந்து விரிந்து, செத்த மரங்களைத் தாண்டி, தங்கையின் முழங்காலை வந்து தொட்டன. வாயால் எதையும் கிழிக்கும் நானும் அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மேலே வராந்தாவில் நாற்காலிகள் மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தன. ஒரு கனவான் காமிராவோடு குனிந்துகொண்டிருந்தார்.

தங்கை யானையைப் பார்க்கவே இல்லை. பயிரைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கித் தண்ணீரில் விட்டாள். சிப்பாய் குத்திய கொத்தைக் கடைசியில் விட்டாள். பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். நிமிர்ந்தாள். நாக்கைச் சுழற்றினாள்.

ஒற்றைக் குலவை மெலிந்துதான் இருக்கும். எங்கள் ஊரில் ஒருத்தி தொடங்கினால் தெருவே வாங்கிக்கொள்ளும். இங்கே வாங்க ஆளில்லாமல் அது தண்ணீரின் மேல் தனியாக ஓடியது. மூச்சு முட்டி உடையப்போகிற நேரத்தில், எனக்குப் பின்னால், படியின் உச்சியில், மீன் செதில் ஒட்டிய கையை வாயருகே வைத்துக்கொண்டு காவல்காரன் பெண்டாட்டி தன் ஊர்க் குரவையை எடுத்தாள். வேறு சுருதி, வேறு வளைவு. ஆனால் மலைக்கு அந்தப் பேதமெல்லாம் தெரியவில்லை. இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பி அடித்தது.

பெண்யானை குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளியது. ஒரு பிளிறல். எதிர்க்கரை முழுக்க வாலும் பின்புறமும் ஆனது. பிறகு மூங்கில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அறிவிருக்காய்யா! மூணு நாளாத் தவங்கிடக்கோம்! காட்டுமிராண்டிங்க!" மேலே கனவான்களுக்கு ஒருவழியாகக் குரல் வந்துவிட்டது. காமிராக்காரர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

தங்கை ஈரச் சேலையைப் பிழிந்தபடி ஏறிவந்தாள். "எதுக்குய்யா கத்துறீக? அதுக்கு நாளைக்கும் தாகம் எடுக்கும்ல? நாளைக்குப் பாத்துக்கங்க."

காவல்காரன் மனைவியை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு போனான். அவள் மீன் சட்டியைப் பார்த்தாள், வராந்தாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கனவான்களின் ராச்சாப்பாடு யார் கையில் என்று அவனுக்கு நினைவு வந்தது. ஓங்கிய கை எங்கள் பக்கம் திரும்பி வழியைக் காட்டியது. நாங்களும் அங்கே தங்குவதாக இல்லை.

சண்டை முடிந்து சில மாதம் கழித்துத் தங்கை புருஷன் வந்து சேர்ந்தான். மலைக்காய்ச்சலில் பாதி உடம்பு போயிருந்தது, மீதியோடு வந்தான். முளைப்பாரி கொண்டுவந்ததா, ஜப்பான்காரன் தோற்றது கொண்டுவந்ததா என்று நான் வாதம் பண்ணவில்லை. அவன் சாய்ந்து உட்கார்ந்திருக்க, இவள் ஏரிக் கதை முழுவதையும் சொன்னாள்.

"ஆனையவா?" என்றான் அவன். "லாரி சகதியில மாட்டுச்சுன்னா ஆனைதான் இழுத்துவிடும். பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு எனக்கு. அதப் பாக்கத் தொப்பி போட்டு உக்காந்திருந்தாகளாக்கும்? சரி, அம்புட்டுத் தூரம் பானைய யாரு சுமந்தா? மச்சானா?"

"எங்கண்ணனா? அவுக வாயச் சுமந்துக்கிட்டு வரவே அவுகளுக்குச் சரியா இருந்துச்சு."

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பில் அவனுக்கு இருமல் வந்தது. அடங்கியதும், "நல்லா இருக்கும்போலருக்கே. ஒருக்காப் போயி அந்த ஏரியப் பாத்துட்டு வருவமா?" என்றான்.

"எதுக்கு? அதான் வந்துட்டீகள்ல" என்றாள் தங்கை.