பர்ஸோ வந்த கேமரா

பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கலாமா என்று அலுவலகத்தில் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். பேட்டரி நிற்காது, கார்டு கிடைக்காது, கெட்டுப்போனால் திறந்து பார்க்க ஆள் இல்லை, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். மதுரைக்காரர் ஒருவர் மட்டும், "போன்ல இல்லாதது அதுல என்ன சார் இருக்கப்போகுது?" என்றார். பதில் சொன்னால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று தோன்றியது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

மகளுக்கு இரண்டு வயது முடியுமுன் என் மனைவி இறந்துபோனாள். அந்தக் காலத்தில் என் போன் பேசுவதற்கு மட்டும்தான். மைத்துனன் கொடுத்திருந்த கேமராவில் ஒரே ஒருமுறை, இதே ஹைதராபாத் குகட்பள்ளி வீட்டுக் கூடத்தில், அவளை வீடியோ எடுத்தேன். கேமரா பிறகு ரயிலில் தொலைந்தது. கார்டு மட்டும் பீரோவில் தங்கிவிட்டது, நகம் அளவுக்கு.

இப்போது கல்லூரியில் படிக்கும் மகள் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "அப்பா, அம்மா கொந்து எலா உண்டேதி?" அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று. நான் தமிழில் பேசினாலும் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள், கேள்வியும் தெலுங்கில்தான். நல்லா இருக்கும் என்றேன். பெரிய பதில்! உண்மை என்னவென்றால் எனக்கும் மறந்துவிட்டது. முகம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, நாகர்கோவில் பேச்சில் குழந்தையை "மக்களே" என்று கூப்பிட்டது நினைவிருக்கிறது. குரல் போய்விட்டது. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்டைப் படிக்கிற கருவி ஒன்றை வரவழைத்தேன். கார்டு காலி என்றது. ரிப்பேர் கடைக்காரர், இந்த ஜாதிக் கார்டு சில சமயம் அதே கம்பெனி கேமராவில் மட்டும்தான் வாய் திறக்கும் என்றார். தேடக் கிளம்பினேன். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படம் மங்கலாக விழுவதுதான் இப்போது அழகாம். கிடைத்த பழைய கேமராவையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். எரிச்சலில் போகிற வருகிற பிள்ளைகளையெல்லாம் மனதுக்குள் திட்டினேன்.

கடைசியில் உப்பலில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் கார்டைப் பார்த்ததும் தலையாட்டினார். "பர்ஸோ ஆயா தா சாப், இஸ்காச் கேமரா. ஏக் லட்கா லேகே கயா." இந்தக் கார்டுக்கான கேமராவேதான் பர்ஸோ வந்தது, ஒரு பையன் வாங்கிப் போய்விட்டான். பள்ளி நாளிலேயே இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவன் நான். பர்ஸோ என்றால் முந்தாநாள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால்! அந்தப் பையன் இந்தப் பக்கம்தான் திரிவான் என்றும் சொன்னார். ஆபீஸ் விட்டதும் தினமும் மெட்ரோ ஏறி உப்பலுக்குப் போய், கடைக்கு எதிரே நின்று, கழுத்தில் கேமரா மாட்டிய பையன் எவனாவது வருகிறானா என்று பார்த்தேன். ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடவும் செய்தேன். அது அடையாள அட்டை.

ஒரு வாரம் கழித்துக் கடைக்காரரே என்னைக் கூப்பிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்றார். பர்ஸோ கேமரா வாங்கிய பையனை என்றேன்.

"ஹவ் சாப், பர்ஸோ. லாக்டவுன் கே பெஹ்லே."

ஆமாம், ஊரடங்குக்கு முன்னால். ஹைதராபாதில் போன வாரமும் பர்ஸோதான், போன யுகமும் பர்ஸோதான். இத்தனை வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் எனக்கு அது தெரியவில்லை. நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கார்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு சாக்கைக் கவிழ்த்தார். லென்ஸ் பாதியில் சிக்கி நின்ற ஒரு கேமரா வந்தது. அதே கம்பெனி. படம் எடுக்க உதவாது, பழைய படத்தைக் காட்டும்.

பென்சில் பேட்டரி வாங்கி வந்து, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கார்டைப் போட்டேன். வந்துவிட்டாள். நீலப் புடவை, ஈரத்தலை. வாய் அசைகிறது, சிரிக்கிறாள், என்னவோ சொல்கிறாள். சத்தம் இல்லை. ஸ்பீக்கர் போயிருக்கும் என்று மகள் வயரை மாட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அதிலும் இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். அந்தக் காலத்துச் சின்ன கேமரா சிலவற்றில் மைக்கே கிடையாது என்றார்.

எனக்கு அந்தக் கேமராவைச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. குரலுக்காக நாய்போல அலைந்து ஊமைப்படம் வாங்கி வந்திருக்கிறேன். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பத் திரும்ப அதையே போட்டாள்.

வீடியோவில் குழந்தை என்னை நோக்கித் தவழ்ந்து வருகிறது. பின்னால் பாயில் உட்கார்ந்திருப்பவளின் உதடு ஒட்டிப் பிரிகிறது. குழந்தை சட்டென்று நின்று, தலையைத் திருப்பி அவளைப் பார்த்துச் சிரிக்கிறது.

மகள் அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"நாக்கு வினபடிந்தி, அப்பா" என்றாள். எனக்குக் கேட்டிருக்கிறது.