நாற்பதாவது பாலாடைக்கட்டி

சென்ற மார்கழியில் கோலார் தங்கவயலுக்குப் போனேன். தங்கம் பார்க்க அல்ல, பாலாடைக்கட்டி தின்ன. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

நடுவயதில் ஒரு வியாபாரிக்குக் கடிதம் எழுதுபவனாக ஐந்து வருஷம் மார்சேல்ஸ், ஜெனோவா, லண்டன் என்று சுற்றினேன். சைவன் ஆதலால் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமே ஆகாரம். முப்பத்தொன்பது வகை தின்றேன். ஊர், பால், வயது, உப்பு, வாசனை என்று நோட்டில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். இத்தாலி மலைநாட்டுக் கட்டி மட்டும் விட்டுப்போயிற்று. அதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

கடல் கடந்தவன் கண்டதைத் தின்றிருப்பான் என்று உறவினர் என்னை விலக்கி வைத்தார்கள். என் மனைவி விசாலாட்சி, "மாம்சம் பட்ட எதையாவது தொட்டீர்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றேன். கோயில் வாசலில் எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தாள். சேர்த்துக்கொண்டார்கள். அவள் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

நந்திதுர்க் சுரங்கத்தில் கூரை சரியாதபடி மரமுட்டுக் கொடுக்கும் இத்தாலியருக்கு ஒரு தமிழ்ச் சமையற்காரி அவர்கள் ஊர்க் கட்டி செய்து தருவதாக நண்பர் எழுதினார். காட்பாடியிலிருந்து பௌரிங்பேட்டை சுமார் நூறு மைல். மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் நாலணா. அங்கே வண்டி மாறி, ஊரிகத்தில் காலை ஏழே முக்காலுக்கு இறங்கினேன். பனியில் சுரங்கத்தின் சங்கு மட்டும் கேட்டது. இத்தாலியர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஜட்கா மூன்றணா.

"இத்தாலிகாரங்க லைனுக்கா? இன்னாத்துக்கு சாமி?" என்றான் வண்டிக்காரன்.

"சீஸ் தின்ன."

"அந்த நாத்தத்தையா! என் குதிரையே அந்தப் பக்கம் வராதுன்னு மொரண்டு பண்ணும்."

சமையற்காரி சவரியம்மாள், ஆம்பூர்ப் பக்கத்தவர். மணை போட்டு, ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். முதலில் வறுத்த கடலை வாசனை, பிறகு மழையில் நனைந்த கல்லின் வாசனை. நன்றாக இருந்தது. நோட்டில் நாற்பதாவது வரியை எழுதிக்கொண்டே, ஏதோ கேட்கவேண்டும் என்று கேட்டேன்: "பாலில் எதை விட்டு உறைய வைக்கிறீர்கள், மோரா?"

"மோரு உட்டா தயிருதான் வரும் பெரியவரே. அதோ பாருங்க."

அடுப்புக்கு மேலே காய்ந்த பை ஒன்று தொங்கியது.

"பால்குடி ஆட்டுக்குட்டி வயிறு. ஊறவெச்ச தண்ணி ஒரு கரண்டி போதும்."

"இந்தக் கட்டிக்கு மட்டும்தானே?"

வாசலில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த ஓர் இத்தாலியரைச் சவரியம்மாள் அவர் பாஷையிலேயே கேட்டார். அந்த ஆள் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"கன்னுக்குட்டியோ ஆட்டுக்குட்டியோ, அவங்க பக்கம் எல்லாமே இப்பிடித்தானாம். இத்தினி தேசம் சுத்தினீங்க, இது தெரியாதா?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "அய்யோ, சைவமா நீங்க? வாயில வெக்கறதுக்கு மின்னே ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். கொப்பளித்தேன். அந்த ருசி போகவில்லை.

திரும்பும் வண்டியில் நோட்டில் 'உறை' என்று புதுக் கட்டம் போட்டேன். நாற்பதாவது வரியில் 'ஆட்டுக்குட்டி வயிறு' என்று எழுதினேன். மற்ற முப்பத்தொன்பதும் காலியாக நிற்கின்றன.

போகிறவர்கள் கம்பளி எடுத்துச் செல்லுங்கள். ஊரிகத்திலேயே இறங்குங்கள், கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பம் வரை போகவேண்டாம். சைவர்கள், எதனால் உறைந்தது என்று முதலில் கேளுங்கள்.

இந்தப் பத்திரிகையை எங்கள் உறவினர் வாசிப்பார்கள். மறுபடியும் விலக்கினால் என்னை விலக்கட்டும். விசாலாட்சி பொய்ச் சத்தியம் செய்யவில்லை. அவள் கேட்டுவிட்டுத்தான் செய்தாள். நான்தான் ஐந்து வருஷமும் யாரையும் கேட்கவில்லை.