மல்லாட்டை மண்டிமேல் படர்ந்த மூட்டம்

விழுப்புரத்தில் சாராயத்தை நாக்கில் வைத்தறியாத இருதயமேரியிடம்தான் எப்போதும் ஸ்பிரிட் நெடி வீசும். மதுவிலக்குக் காலம் வேறு. காகிதக்கூழ் பொம்மைகளுக்கு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் பூசுவது அவள் பிழைப்பு என்று தெரிந்தும், மாதா கோயில் பூசையில் பக்கத்தில் இருப்பவர்கள் சற்று நகர்ந்தே உட்காருவார்கள். "சாமியாரே மூச்சை அடக்கிக்கினுதான் நாக்குல அப்பம் வச்சு நன்மை குடுக்கறாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஓவிய ஆசிரியர் அரங்கநாதனுக்கு அவள்மேல் பெரிய மதிப்பு. அவள் பேச்சைக் கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை.

1957 ஐப்பசியில் அவர் திண்டிவனம் மல்லாட்டை மண்டியை, வேர்க்கடலை மூட்டையும் தராசுமாக, கட்டைவிரல் உயர ஆட்களோடு காகிதக்கூழில் செய்து முடித்திருந்தார். எட்டு மாத வேலை. நூற்றுப் பன்னிரண்டு பேர். தராசுக்காரனுக்கு மீசைகூட உண்டு. அன்று நாலு மணிக்கு லாரி வந்து அதைத் திண்டிவனம் கண்காட்சிக்கு ஏற்றிப்போகும். மேலே அரக்குப் பாலிஷ் ஏறாவிட்டால், ஈரக்கை பட்ட இடமெல்லாம் வர்ணம் கரைந்துவிடும்.

"மழை ஈரத்துல பூசினா வெளுத்துப்பூடும் சார். விட்டதும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மழை விடுகிற வழியாக இல்லை. அரங்கநாதன் தூரிகையைத் தாமே எடுத்தார். படித்தவர் ஆயிற்றே.

அரை மணியில் மண்டி முழுக்க வெண்மூட்டம். தராசுக்காரனுக்கு முகமே இல்லை. இருதயமேரிக்கு ஆள் அனுப்பினார்.

"இன்னா சார், மண்டிக்கு வெள்ளையடிச்சிட்டீங்களா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. துடைச்சிடட்டுமா?"

"தொடைங்க. மீசை துணியோட வந்துரும்."

கரிச்சட்டியால் அறையைச் சூடாக்கினாள். நெருப்பை முற்றத்துக்கு அனுப்பிய பிறகே புட்டியைத் திறந்தாள். சல்லடையில் துணி விரித்து, சொட்டாத அளவுக்கு ஸ்பிரிட்டில் நனைத்து, மண்டிக்கு ஒரு சாண் மேலே பிடித்தாள். எதையும் தொடவில்லை. எறும்பு ஊரும் வேகத்தில் சல்லடை நகர, ஸ்பிரிட் ஆவி மட்டும் கீழே இறங்கி அரக்கை இளக்கியது.

முதலில் மீசை வந்தது. பிறகு அதற்குரிய முகம். மாடுகளின் கண்கள் ஒவ்வொன்றாக விழித்தன. மூட்டை தூக்குகிறவனின் முதுகில் வேர்வை மின்னியது. சேலைகளின் சிவப்பைப் பார்த்து அரங்கநாதன் திகைத்தார்: இவ்வளவு ஆழமான சிவப்பை அவர் பூசவே இல்லை. தாம் எட்டு மாதம் செய்தது இதைத்தானா என்று, தெரியாத ஊருக்குள் நுழைந்தவரைப்போலக் குனிந்து குனிந்து பார்த்தார். விரல் தானாக நீண்டது.

"கைய எடுங்க சார். காயட்டும்."

எடுத்துக்கொண்டார். லாரி வரும்வரை இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூச்சையும் பார்த்துப் பார்த்துத்தான் விட்டார்.